தோஹாவில் ஓடிய இரண்டு தமிழ்ப் பெண்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. காலைக் காபியோடு உட்கார்ந்து படிக்க முடிந்தவர்கள் படியுங்கள்.

எங்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது. இரண்டு பெண்கள், இருவர் கழுத்திலும் பதக்கம். கீழே, "ஊக்கமருந்து என்று பழி போட்டு வடக்கத்தியர் பறித்த தமிழச்சிகளின் பதக்கங்கள்" என்று ஒரு வரி. பத்து நிமிடத்தில் முப்பது பேர் கைகூப்பும் பொம்மை போட்டுவிட்டார்கள். அதில் பாதிப்பேர் பாடம் நடத்தியவர்கள்! படத்தில் இருந்தவர்கள் சாந்தி சௌந்தரராஜனும் கோமதி மாரிமுத்துவும்.

இருவரும் 800 மீட்டர் ஓடியவர்கள். இருவரும் கத்தார் நாட்டின் தோஹாவில் பதக்கம் வாங்கியவர்கள். இருவரின் பதக்கமும் பறிபோனது. ஒற்றுமை அத்தோடு சரி. சாந்தி மீது ஊக்கமருந்துக் குற்றச்சாட்டே கிடையாது. பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு வேறு கதைகளை ஒரே படத்தில் ஒட்டி, ஒரே பழியை இருவருக்கும் பூசிவிட்டார்கள். அனுதாபப்படுகிறோம் என்று நினைத்துக்கொண்டு சாந்திக்கு நாமே ஒரு அவதூறைச் செய்கிறோம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சாந்தி. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2 நிமிடம் 3.16 வினாடியில் ஓடி வெள்ளி வாங்கினார். சில நாட்களில் பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று செய்தி வந்தது. எல்லாப் பெண்களுக்கும் கட்டாயமாகச் செய்யும் பாலினப் பரிசோதனையை உலகத் தடகள அமைப்பு 1990களிலேயே கைவிட்டிருந்தது. ஆனாலும் சந்தேகம் என்று யாராவது கைகாட்டினால் செய்யலாம் என்ற வாசல் திறந்தே இருந்தது. அந்த வாசலில் இந்தப் பெண்ணை நிறுத்தினார்கள். அவர் எதையும் விழுங்கவில்லை, எந்த ஊசியும் போட்டுக்கொள்ளவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார். அதைத்தான் குற்றம் என்றார்கள்.

அன்றைய முதல்வர் கலைஞர் 15 லட்சம் ரூபாய் கொடுத்து அவரைக் கைவிடாமல் நின்றார். சாந்தி அந்தப் பணத்தையும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதில் செலவழித்தார். அப்புறம் வறுமை. 2012ல் மறுபடி செங்கல் சூளையில் வேலை செய்கிறார் என்று பத்திரிகைகள் படம் போட்டபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது. பல ஆண்டுகள் கழித்து மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் பணி கிடைத்தது. ஒடிசாவின் டூட்டி சந்த் இதேபோன்ற விதியை எதிர்த்து சுவிட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டுக்கான நடுவர் மன்றம் வரை போய் 2015ல் வென்றார். சாந்தியின் வெள்ளி இன்றுவரை திரும்பவில்லை.

இனி கோமதி. திருச்சி பக்கம் முடிகண்டம். விவசாயக் குடும்பம், தந்தையை இழந்தவர். 2019 ஏப்ரல் 22 அன்று தோஹாவில் ஆசியத் தடகளப் போட்டி. 800 மீட்டரில் கடைசி நேரத்தில் பாய்ந்து 2 நிமிடம் 2.70 வினாடியில் தங்கம். அந்தப் போட்டியில் இந்தியாவுக்கு முதல் தங்கம் அதுதான். தேய்ந்த ஷூவோடு ஓடினார் என்ற படத்தை அன்று பகிராத தமிழர் இல்லை. விமான நிலையத்தில் மாலை, கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு பரிசுப் பணம், தொலைக்காட்சிப் பேட்டிகள். நெய்வேலியில்கூட ஒரு டீக்கடைக் கரும்பலகையில் அவர் பெயர் எழுதியிருந்தது.

ஒரு மாதம்தான். நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் எச்சம் அவர் சிறுநீரில் இருந்ததாக மே மாதம் செய்தி கசிந்தது. தான் எதையும் சாப்பிடவில்லை என்று அவர் மறுத்தார். ஒரு சாம்பிள் என்றால் ஏதோ தவறு நடந்திருக்கலாம் என்று நானும் நினைத்திருப்பேன். ஆனால் இது நான்கு சாம்பிள். மார்ச் 18 பாட்டியாலா ஃபெடரேஷன் கோப்பை, ஏப்ரலில் அதே ஊரில் தேர்வு ஓட்டம், ஏப்ரல் 22 தோஹா, மே 17ல் இன்னொன்று. நான்கிலும் அதே பொருள். 2020 ஜூன் மாதம் உலகத் தடகளத்தின் நேர்மைப் பிரிவு தீர்ப்பை வெளியிட்டது. நான்கு ஆண்டு தடை. மார்ச் 18 முதல் மே 17 வரை அவர் ஓடிய ஓட்டங்கள் எல்லாம் ரத்து. தங்கம் இரண்டாவதாக வந்த சீனாவின் வாங் சுன்யூவுக்குப் போனது. அந்தப் பெண் டோக்கியோ ஒலிம்பிக் 800 மீட்டர் இறுதியில் ஐந்தாவதாக வந்தவர், சாதாரண ஓட்டக்காரி இல்லை. தோஹா மேடையில் அவர் நின்றபோது தவறான நாட்டின் தேசிய கீதம் ஒலித்தது. அதைப் பற்றி நம் குழுவில் ஒருவரும் எழுதவில்லை.

இதில் யாரும் பேசாத ஒன்று அந்தத் தேதிகளிலேயே இருக்கிறது. மார்ச் 18 சாம்பிளின் முடிவு ஏப்ரல் 22க்குள், அதாவது ஐந்து வாரத்தில், தடகளக் கூட்டமைப்பின் கைக்கு வந்திருந்தால் அவர் விமானமே ஏறியிருக்க மாட்டார். கூட்டமைப்பே அப்படித்தான் சொன்னது. மாலை, பரிசு, அவமானம் எதுவும் நடந்திருக்காது. அதே 2019 ஆகஸ்டில் டெல்லியில் இருக்கும் நம் தேசியப் பரிசோதனைக் கூடத்தின் அங்கீகாரத்தை உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை நிறுத்திவைத்தது. தரம் போதவில்லை என்று! (உலக முகமைக்குச் சுருக்கப் பெயர் வாடா, இந்திய முகமைக்கு நாடா. வகுப்பில் சொன்னால் பையன்கள் சிரித்தே பாடத்தை மறந்துவிடுவார்கள்.) அங்கீகாரம் திரும்பக் கிடைக்க இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. அந்தக் கூடத்தின் தலைமையில் இருந்தவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? கோமதியின் பெயர் தெரியும் அல்லவா?

ஊக்கமருந்து என்ற சொல்லே எனக்கு உறுத்தல். ஊக்கத்தொகை, ஊக்கப் பரிசு என்று நல்லதற்கெல்லாம் வைத்த சொல். வள்ளுவர் ஊக்கமுடைமை என்று ஒரு அதிகாரமே வைத்தார். அதைக் கொண்டுபோய் இந்த விஷத்துக்கு அடைமொழியாக்கிவிட்டோம். மருந்து என்பதும் பாதிதான் பொருத்தம். ஆணின் உடம்பில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனின் சாயலில் செய்த ஸ்டீராய்டுகள் இவை. நோயாளியின் தசை கரையாமல் காக்க மருத்துவர் கொடுப்பது. ஓட்டக்காரர் போட்டுக்கொண்டால், இன்று கடும் பயிற்சி செய்த தசை நாளையே மறுபடி தயார் என்று நிற்கும். வேகம் மருந்திலிருந்து நேரே வருவதில்லை. மற்றவர்கள் களைத்துப் படுக்கும் நாளிலும் இவர் பயிற்சி செய்ய முடிகிறது, வேகம் அங்கே கிடைக்கிறது. விலை பின்னால் வரும். ஈரல், இதயம் கெடும். பெண்களுக்குக் குரல் தடிக்கும், முகத்தில் முடி வரும், மாதவிலக்கு குழம்பும். நாண்ட்ரோலோன் ஊசி எண்ணெயில் கரைந்தது. உடம்பில் தங்கி மாதக்கணக்கில் சிறுநீரில் காட்டிக்கொடுக்கும். விவரம் தெரிந்தவர்கள் பரிசோதனை நெருங்கும்போது அதைத் தொட மாட்டார்கள். அப்படியென்றால் அது தன் உடம்பில் இருப்பதை அந்த ஓட்டக்காரி அறிந்திருந்தாரா? அறிந்து போட்டுக்கொண்டாரா, யாராவது "சத்து ஊசி" என்று சொல்லிப் போட்டுவிட்டார்களா? சிறுநீர் அதைச் சொல்லாது. பரிசோதனைக் கூடமும் சொல்லாது. ஒரு விசாரணைதான் சொல்ல வேண்டும்.

அப்படி ஒரு விசாரணை எப்படி இருக்கும் என்று உலகம் ஒருமுறை பார்த்தது. என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1988 செப்டம்பர் 24, சியோல் ஒலிம்பிக். நான் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வட்டம் 4ல் ஒரு நண்பர் வீட்டில் டிவி. ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் சுரங்க மண் ஒட்டிய பூட்ஸோடு வாசலில் நின்று இரவுச் செய்தி பார்த்தார்கள். கனடாவின் பென் ஜான்சன் 100 மீட்டரை 9.79 வினாடியில் ஓடி, கடைசி அடியில் விரலை உயர்த்திக் காட்டினார். உலக சாதனை. மூன்று நாளில் ஸ்டானசோலோல் என்ற ஸ்டீராய்டு கண்டுபிடிக்கப்பட்டு, தங்கம் 9.92ல் வந்த கார்ல் லூயிஸுக்குப் போனது. அந்த லூயிஸே அதே ஆண்டு அமெரிக்கத் தேர்வு ஓட்டத்தில் தடை செய்யப்பட்ட பொருளோடு சிக்கி, தெரியாமல் மூலிகைச் சத்தில் வந்தது என்று விடப்பட்டவர் என்பது 2003ல்தான் வெளியே வந்தது. வெள்ளிக்கு உயர்ந்த லின்ஃபோர்ட் கிறிஸ்டி 1999ல் நாண்ட்ரோலோனில் மாட்டினார். நான்காவதாக வந்து வெண்கலத்துக்கு உயர்ந்த கால்வின் ஸ்மித் மட்டும் கடைசிவரை எந்தப் பட்டியலிலும் வரவில்லை. அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜான்சனைத் துரத்திவிட்டு கனடா தூங்கவில்லை. சார்லஸ் டூபின் என்ற நீதிபதி தலைமையில் அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. 1989ல் பயிற்சியாளர் சார்லி பிரான்சிஸ் சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு, ஜான்சன் 1981லிருந்து ஸ்டீராய்டு எடுத்துவந்தார் என்று நாள் கணக்காகச் சாட்சி சொன்னார். மருத்துவர் ஜேமி அஸ்டஃபான் வந்தார். மற்ற வீரர்கள் வந்தார்கள். கூட்டமைப்பு அதிகாரிகளும் கூண்டில் நின்றார்கள். எல்லாம் தொலைக்காட்சியில். ஓடியவன், ஊசி போட்டவன், பார்த்தும் பார்க்காதவன் என்று மூவரும் அரசு ஆவணத்தில் பெயரோடு இருக்கிறார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். 2010ல் டெல்லி காமன்வெல்த், குவாங்சோ ஆசியப் போட்டி இரண்டிலும் பெண்கள் 4x400 தொடரோட்டத்தில் தங்கம் வென்று நாட்டையே குதிக்க வைத்த பெண்கள் நினைவிருக்கிறதா? மன்ஜீத் கவுர், சினி ஜோஸ், அஸ்வினி அக்குஞ்சி, மன்தீப் கவுர். 2011ல் இவர்களில் மூவர் உட்பட ஆறு ஓட்டக்காரிகள் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். சீனாவில் வாங்கிவந்த ஜின்செங் சத்து மாத்திரையில் கலந்திருந்தது, பயிற்சியாளர் கொடுத்தார், நாங்கள் சாப்பிட்டோம் என்றார்கள். உக்ரைன் நாட்டுப் பயிற்சியாளர் யூரி ஒகரோட்னிக்கை அரசு நீக்கியது. நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் குழு ஒன்றும் போட்டார்கள். பெண்களுக்கு முதலில் ஓராண்டு தடை. சர்வதேச அமைப்பு மேல்முறையீடு செய்ய, 2012ல் அது இரண்டு ஆண்டாகி லண்டன் ஒலிம்பிக் கைநழுவிப் போனது. 2013ல் அதே ஒகரோட்னிக் மறுபடி இந்திய அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். பிள்ளைகளை ஃபெயில் ஆக்கிவிட்டு, கேள்வித்தாளைக் கசியவிட்டவரையே மறுபடி தேர்வு மேற்பார்வைக்குப் போட்டால் எப்படி இருக்கும்?

அந்த ஆறு பேரில் ஒருவரான பிரியங்கா பன்வார் 2014 ஆசியப் போட்டியில் மறுபடி தொடரோட்டத் தங்கம் வென்றார். 2016ல் மறுபடி சிக்கினார். எட்டு ஆண்டு தடை.

அமெரிக்காவில் கணக்கு தலைகீழ். என் தங்கை மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். அங்கே போயிருந்தபோது பேஸ்பால் ஆட்டத்துக்கு அழைத்துப் போனான். நம் கில்லிக்கும் கிரிக்கெட்டுக்கும் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு ஆட்டம். பந்தை எல்லைக்கு வெளியே தூக்கி அடித்தால் ஹோம் ரன். அதை ஒரு பருவத்தில் எத்தனை முறை அடிக்கிறார்கள் என்பதுதான் அவர்களுக்கு நம் சச்சினின் சதக் கணக்கு மாதிரி. 1961ல் ரோஜர் மாரிஸ் அடித்த 61 முப்பத்தேழு ஆண்டு அசையாமல் நின்றது. 1998ல் மார்க் மெக்வயர் 70, சாமி சோசா 66. 2001ல் பாரி பாண்ட்ஸ் 73. மெக்வயரின் அலமாரியில் ஸ்டீராய்டுக்கு முந்தைய நிலைப் பொருள் ஒன்றின் டப்பா இருந்ததை 1998லேயே ஒரு செய்தியாளர் பார்த்து எழுதினார். அப்போது அது கடையில் விற்ற பொருள், பேஸ்பாலில் தடையும் இல்லை. எழுதியவரைத்தான் திட்டினார்கள். ஸ்டீராய்டு போட்டேன் என்று மெக்வயர் ஒப்புக்கொண்டது 2010ல்.

2003ல் கலிஃபோர்னியாவில் பால்கோ என்ற சத்துப்பொருள் நிறுவனத்தில் அரசு சோதனை போட்டது. அதன் முதலாளி விக்டர் கோன்டே சிறைக்குப் போனார். பாண்ட்ஸின் தனிப் பயிற்சியாளர் கிரெக் ஆண்டர்சனும் போனார். பாண்ட்ஸுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்ததற்காக அவரை மறுபடியும் உள்ளே வைத்தார்கள். 2007 டிசம்பரில் முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் கொடுத்த அறிக்கையில் 89 ஆட்டக்காரர்களின் பெயர். மருந்து சப்ளை செய்த ஆளின் பெயரும், அவருக்குக் கொடுத்த காசோலைகளும் அதில் உண்டு. ஆனால் சாதனைப் புத்தகத்தில் ஒரு எண்கூட மாறவில்லை. 73 அப்படியே இருக்கிறது. பாண்ட்ஸின் மொத்தக் கணக்கு 762ம் அப்படியே இருக்கிறது. அந்த ஆட்டத்தின் புகழ்க்கூடத்துக்கு மட்டும் பத்து முறை வாக்கெடுப்பில் அவரைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள், கடைசி முறை 2022ல்.

ஹாங்க் ஆரோனின் 755ஐத் தாண்ட பாண்ட்ஸ் அடித்த 756வது பந்தின் கதை எனக்குப் பிடித்தது. ஏழரை லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து அதை ஒரு துணி வியாபாரி ஏலத்தில் வாங்கி, என்ன செய்யலாம் என்று மக்களிடமே ஓட்டு கேட்டார். மக்கள் சொன்னபடி பந்தின் மேல் ஒரு நட்சத்திரக்குறியைப் பொறித்து அந்தப் புகழ்க்கூடத்துக்கே கொடுத்தார். மதிப்பெண் பட்டியலில் எண்ணுக்கு மேல் சின்ன நட்சத்திரம் போட்டு அடியில் குறிப்பு எழுதுவோமே, அந்த நட்சத்திரம். பந்து அருங்காட்சியகத்துக்குள் போய்விட்டது. அடித்தவர் வெளியே நிற்கிறார்.

ஆக, அங்கே கொடுத்தவனுக்குச் சிறை, எடுத்தவனின் எண்ணுக்குப் பங்கமில்லை. இங்கே எடுத்தவளின் பெயரில் சிவப்பு மையால் கோடு, கொடுத்தவன் எந்தக் காகிதத்திலும் இல்லை. இரண்டில் எது சரி என்று கேட்டால், கோடு போடுவதில் எனக்கு மறுப்பு இல்லை. வாங் சுன்யூவின் தங்கம் அவருக்குப் போய்த்தான் ஆக வேண்டும். கோமதியின் ஏழ்மையைக் காட்டி அதை மறுக்க முடியாது, அந்தச் சீனப் பெண்ணும் உழைத்துத்தான் ஓடினார். ஆனால் கோடு போட்டுவிட்டுப் பதிவேட்டை மூடிவிடுகிறோமே, அங்கேதான் என் ஆத்திரம். 2022ல் நாடாளுமன்றம் ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. முகமைக்குச் சட்டத்தின் பலம் கிடைத்தது, நல்ல விஷயம். ஆனால் கொடுத்தவனுக்கும் விற்றவனுக்கும் சிறை என்று அந்தச் சட்டத்தில் வரவில்லை.

பரிசோதனைக் கூடமே தவறு செய்த கதையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பஞ்சாபின் சுனிதா ராணி 2002 பூசான் ஆசியப் போட்டியில் 1500 மீட்டரை 4 நிமிடம் 6.03 வினாடியில் ஓடித் தங்கம், 5000 மீட்டரில் வெண்கலம். அவருக்கும் இதே நாண்ட்ரோலோன். பதக்கங்களைப் பிடுங்கினார்கள். நம் அதிகாரிகள் அந்த முறை விடவில்லை. சியோல் கூடத்தின் காகிதங்களை வாங்கி வரி வரியாகப் பார்த்தார்கள், குளறுபடிகள் வெளியே வந்தன. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் பதக்கங்கள் திரும்ப வந்தன. அந்த 4:06.03 இந்திய சாதனையாக 2021 வரை நின்றது. வாரங்கலில் ஹர்மிலன் பெய்ன்ஸ்தான் முறியடித்தார். ஒரு வீராங்கனைக்காகக் காகிதத்தை எடுத்துப் படிக்க நம்மவர்களுக்குத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். சாந்திக்காக யாரும் அப்படி உட்கார்ந்து படிக்கவில்லை.

லாபம் அடைந்த தமிழர் ஒருவரும் உண்டு. லால்குடி பக்கத்து ராணுவ வீரர் ஆரோக்கிய ராஜீவ். 2018 ஜகார்த்தாவில் கலப்பு 4x400 தொடரோட்டத்தில் முகமது அனஸ், பூவம்மா, ஹிமா தாஸ் ஆகியோரோடு ஓடி வெள்ளி வாங்கினார். முதலாவதாக வந்த பஹ்ரைன் அணியின் கெமி அடேகோயா ஸ்டானசோலோலில் சிக்கியதால் 2020ல், கொரோனா ஊரடங்கு நேரத்தில், அது தங்கமாக மாறியது. மேடை இல்லை, கீதம் இல்லை. செய்தித்தாளில் நாலு வரி. அதோடு அந்த நால்வரில் பூவம்மாவுக்கே 2021ல் எடுத்த சாம்பிளுக்காகப் பின்னால் இரண்டு ஆண்டு தடை வந்தது. ஜகார்த்தா ஓட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் கேட்பவருக்கு மனது ஒரு மாதிரி ஆகிவிடும். இதுதான் இந்தப் பொருளின் சாபக்கேடு, சுத்தமாக ஓடியவனையும் சந்தேகத்தோடு பார்க்க வைத்துவிடும்.

கோமதியோடு திருச்சிக்கும் முடியவில்லை. 2021 ஃபெடரேஷன் கோப்பையில் 200 மீட்டரில் பி.டி.உஷாவின் 1998 போட்டிச் சாதனையை உடைத்த தனலட்சுமி சேகரும் அதே மாவட்டம். டோக்கியோ ஒலிம்பிக் அணியோடு போய்த் திரும்பி வந்தபோதுதான் அக்கா இறந்த செய்தியைச் சொன்னார்கள், விழுந்து அழுதார், எல்லோரும் பார்த்தோம். அடுத்த ஆண்டு பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிக்கு முன் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார். மூன்று ஆண்டு தடை. ஒரே மாவட்டம், ஏழை வீட்டுப் பெண்கள், ஒரே வகை மருந்து. இவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசித்து, தனித்தனியாகக் கடைக்குப் போய் வாங்கினார்கள் என்று நம்ப என் முப்பத்தாறு வருட வாத்தியார் புத்தி மறுக்கிறது. நான்கு பிட்டில் ஒரே கையெழுத்து இருந்தால் எழுதிக் கொடுத்தவனைத் தேட மாட்டோமா?

இதெல்லாம் பெரிய ஊர், பெரிய மைதானக் கதை என்று நினைக்காதீர்கள். 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டி நடந்த ஜவஹர்லால் நேரு மைதானத்துக்கு நாடா அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பாதிப்பேர் காணாமல் போனார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஒரே ஒரு பையன் ஓடினான். ஸ்டீபிள்சேஸ் ஓடிய ஒரு சிறுமி எல்லைக்கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தாள், அதிகாரி பின்னாலேயே துரத்தினார். மைதானக் கழிப்பறையில் ஊசிகள் கிடந்தன. மாநில அளவுப் போட்டி, பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள்! 2024ல் நாடா எடுத்த 7113 சாம்பிளில் 260ல் தடைப்பொருள் இருந்தது. பெரிய அளவில் சோதனை நடத்தும் நாடுகளில் இந்த விகிதத்தில் நமக்குத்தான் முதலிடம். நூறு கோடி கடந்த நாட்டுக்கு ஏழாயிரம் சாம்பிள் எந்த மூலைக்கு என்ற கேள்வி தனி.

ஓய்வு பெற்றதும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்திரா நகரில் இருக்கிறேன். ஆனாலும் காலை நடைக்கு பாரதி விளையாட்டு அரங்கம் பக்கம் போவது பழக்கம். கொல்லிருப்பு, வடக்குத்து, மந்தாரக்குப்பம் என்று சுற்றுப்பட்டுப் பையன்கள் விடியற்காலை ஐந்து மணிக்கே ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒலிம்பிக் கனவு எல்லாம் இல்லை. போலீஸ் தேர்வில் 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ராணுவத் தேர்வு, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. மாவட்ட அளவில் ஒரு சான்றிதழ் இருந்தால் நாலு மதிப்பெண் கூடும். அப்பா ஒப்பந்தத் தொழிலாளி, வீட்டுக்கு நிரந்தர வேலை என்ற சொல்லே அதிசயம். அப்படிப்பட்ட பையனுக்கு அரை நிமிடம் குறைத்துத் தருகிறேன் என்று ஒருவன் சொன்னால் அவன் காதில் விழுவது மருந்து இல்லை, சம்பளம்.

அவர்களில் ஒருவன், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவனின் மகன், என்னைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவான். பையில் லேபிள் கிழித்த ஒரு பவுடர் டப்பா வைத்திருந்தான். புரோட்டீன்தான் தாத்தா என்றான். கூடவே ஏதோ ஊசியும் உண்டாம், போட்டால் மறுநாள் கால் வலிக்காதாம், அவன் இன்னும் போட்டுக்கொள்ளவில்லையாம். மூட்டையாகப் புத்தி சொன்னால் ஓடிவிடுவான் என்று தெரியும். அதனால் லேபிளை ஏன் கிழித்தார்கள் என்று மட்டும் கேட்டேன். தெரியலை, கொடுக்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு என்றான். பவுடரைத் தொடாதே, அந்த ஊசிப் பக்கமே போகாதே, அப்பாவை மாலையில் என்னை வந்து பார்க்கச் சொல் என்றேன். அப்பா வந்தார். மூவரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கோமதியின் கதையை மார்ச் 18லிருந்து தேதி தேதியாகச் சொன்னேன். பையன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அந்த அக்காவுக்கு யார் தாத்தா கொடுத்தது?" என்றான்.

யாரும் கேட்கவில்லை என்றேன். உனக்கு யார் கொடுத்தது என்று கேட்டேன். பையன் அப்பாவைப் பார்த்தான். அப்பா தரையைப் பார்த்தார். இரண்டு பேருமே பெயர் சொல்லவில்லை. டப்பா இப்போது என் அலமாரியில் இருக்கிறது.